வராத லிஃப்டுக்கு ஓர் அறிவிப்பு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். முதுகு வலிக்கிறவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். இங்கே யாரும் மரியாதை பார்க்கப்போவதில்லை. இன்றைக்கு ஒரு லிஃப்டின் கதை சொல்கிறேன். ஆரம்பத்தில் சிரிப்பு வரும், வந்தால் அடக்காதீர்கள். போகப் போக வயிறு எரியும். அதையும் அடக்காதீர்கள்.

பெரிய பேருந்து நிலையம் ஒன்று. அங்கே எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்கிற பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் அவள் மைக்கம்மா. குரலைத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். முகத்தைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். காத்திருப்புக் கூடத்துக்கு மேலே, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, நுரை உரிந்துபோன ஒரு மைக். கோபத்தில் இருந்தாலும் காய்ச்சலில் இருந்தாலும் குரலில் தேன் ஒழுக வேண்டும் என்பது அவளுக்கு இட்ட கட்டளை.

அவளுக்கு ஓர் அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிப்போனவள். கக்கத்தில் இரண்டு கட்டைகளை இடுக்கிக்கொண்டுதான் நடை. ஆனால் கை இருக்கிறதே, அது பொன்னான கை. நிலையத்தின் உள்ளே, டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை போட்டு, பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பப்போகிற நேரத்தில் வாய் பிளந்துபோன பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்களே, அவர்களுக்கு அவள்தான் தெய்வம். வாயும் சும்மா இருக்காது.

"ஏம்ப்பா, இந்தப் பைக்குள்ள வீட்டையே மடிச்சு வச்சிருக்கியா? ஜிப் என்ன பண்ணும் பாவம், அதுக்கும் ஒரு மானம் இருக்குல்ல."

கல்யாணம், குழந்தை எதுவும் அவளுக்கு அமையவில்லை. அந்தக் கடைதான் எல்லாம். தங்கையின் சம்பளத்தில் சாப்பிடுகிறவள் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு வைராக்கியம்.

அக்காவும் தங்கையும் குடியிருந்தது நிலையத்துக்கு நேர் எதிரே, சாலையின் மறுபுறம். நடுவில் சிக்னல் இருந்தது. சிவப்பு விழுந்ததும் அக்கா கட்டைகளை ஊன்றி நிதானமாகக் கடப்பாள். அவள் கடந்து முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டாலும் ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள். பாதிப் பேருடைய பையைத் தைத்துக் கொடுத்தவள் ஆயிற்றே!

அப்புறம்தான் வந்தது மேம்பாலம். நடக்கிறவர்களுக்கான மேம்பாலம். நல்லதுதானே என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் படிக்கட்டு, இரண்டு பக்கமும் லிஃப்ட், முடியாதவர்கள் ராஜா மாதிரி ஏறிப் போகலாம் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். பேசிய கையோடு சிக்னலைப் பிடுங்கிவிட்டு, சாலையின் நடுவே ஆள் உயரத்துக்கு இரும்பு வேலி போட்டுவிட்டார்கள். இனி மேலே ஏறித்தான் இறங்க வேண்டும்.

லிஃப்டுக்கு முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று கதவு. பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் சிவப்பாக எரியும். முதல் நாள் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் அமுக்கினாள். எரிந்தது. நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"மேல போயிருக்கும்மா, இப்ப வந்துரும்" என்றார் காவலாளி.

"மேல எங்க, சொர்க்கத்துக்கா? இவ்வளவு நேரத்துல அங்கயே போயிட்டு வந்திருக்கலாமே" என்றாள் அக்கா.

அடுத்த வாரமும் அப்படித்தான். மின்சாரம் வரவில்லை என்றார்கள். அப்புறம் ஓர் உதிரிபாகம் வர வேண்டும் என்றார்கள். மழைக்காலத்தில் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு நாள் காலை, அதே இடுக்கு வழியாக ஒரு பூனை வெளியே வந்தது, பின்னாலேயே மூன்று குட்டிகள். உள்ளே போட்டு வளர்த்திருக்கிறது! டீக்கடைக்காரர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"லிஃப்டுல வந்து எறங்குன மொத ஆளுங்கப்பா! மாலை போடுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். மைக்கம்மாவும் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பூனை குட்டி போடுகிற இடத்தில் லிஃப்ட் எங்கே இருக்கும் என்று அவள் மனது அப்போதே கணக்குப் போட்டிருக்கிறது.

ஆட்டோவில் சுற்றிக்கொண்டு வரலாம்தான். ஆனால் வேலி முடிகிற இடம் வரை போய்த் திரும்ப, ஒரு நாளைய ஜிப் கூலியில் பாதி போயிற்று. அதனால் இரண்டு போர்ட்டர்கள் அவளை நாற்காலியில் உட்கார வைத்துப் படிக்கட்டில் தூக்கினார்கள். நல்ல மனிதர்கள், காசு வாங்க மாட்டார்கள். ஆனால் கூட்டம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவன் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தான். பாதி வழியில் நாற்காலி சாய்ந்தது. அக்கா விழவில்லை. அவள் காலில் இருந்த செருப்பு ஒன்று கழன்று, கைப்பிடிக் கம்பிக்கு நடுவே நழுவிச் சாலையில் விழுந்தது. கீழே வந்த பேருந்து அதன்மேல் ஏறிப் போயிற்று.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அக்கா கட்டைகளைச் சுவரில் சாத்தி வைத்தாள். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும்.

கடை பூட்டியே கிடந்தால் நிலைய நிர்வாகம் சும்மா இருக்குமா? வருகிற திங்கட்கிழமைக்குள் திறக்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மைக்கம்மா நிலைய மேலாளரின் அறைக்குப் போனாள். மேலாளர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன் நாற்காலியைத் தவிர வேறு எதையும் நேசிக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"லிஃப்ட் ஓடுற வரைக்கும் கொஞ்சம் அவகாசம் குடுங்க சார்."

"லிஃப்ட் நம்ம கையிலயா இருக்கு? அது கட்டுமானத் துறை. இல்ல, நான் கேக்கறேன், நீங்க சம்பாதிக்கறீங்க, அக்காவை வீட்டுல வச்சுப் பாத்துக்கலாமே. அவங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

மைக்கம்மாவுக்கு உச்சந்தலை சூடேறியது. மனுஷியை வீட்டு மூலையில் பழைய குடை மாதிரி சாத்தி வைக்கச் சொல்கிறான்! நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். விழுங்கியது இறங்கவில்லை.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து, அக்காவையும் அழைத்துக்கொண்டு கட்டுமானத் துறை அலுவலகத்துக்குப் போனாள். மக்கள் காசில் கட்டிய எதற்கும் என்ன செலவாயிற்று என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சட்டம் இருந்தது. அதற்கென்று 'பார்வை அறை' என்று ஓர் அறையே இருந்தது. எங்கே தெரியுமா கண்ணுகளா? மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

அக்கா படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள். "நல்லா கட்டியிருக்கானுங்கடி. நீ போ. நான் இங்கயே உக்காந்து படிக்கு ஜிப் தச்சிட்டிருக்கேன்."

பார்வை அறையில் மேசைக்குப் பின்னால் ஒரு குண்டு அதிகாரி. மேம்பாலத்தின் கணக்குத்தாள் கட்டை எடுத்து வைத்துவிட்டு, விரலை ஆட்டினார்.

"பாக்கலாம். எழுதக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. பேனா, போன் எல்லாம் இப்படி வச்சிருங்க."

"எழுதாம எப்படி சார் ஞாபகம் வச்சுக்கறது?"

"அது உங்க சாமர்த்தியம். இது பார்வை அறை. பேரே பார்வை அறை."

அவள் தாள்களைப் புரட்டினாள். லிஃப்ட் வந்தது. படித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். அப்புறம் எழுந்தாள்.

"எங்க போறீங்க?"

"தண்ணி குடிக்க."

மாடிப்படியில் கடகடவென்று இறங்கினாள். கீழே அக்கா மடியில், ஜிப் மாற்றுவதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு பழைய பயணப்பை கிடந்தது. அதன் கறுப்பு உள்துணியை வெளியே இழுத்துவிட்டு, தங்கை சொல்லச் சொல்ல, துணிக்குக் குறி போடுகிற சுண்ணக்கட்டியால் அக்கா எழுதிக்கொண்டாள். தங்கை மறுபடி மேலே ஓடினாள். இன்னொரு வரி படித்தாள். மறுபடி தாகம்.

"இவ்வளவு தண்ணியா குடிப்பீங்க?"

"சர்க்கரை வியாதி சார். ரொம்ப நேரம் அடக்கவும் முடியாது."

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசித் தடவை இறங்கி வந்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது, முகம் வெளுத்திருந்தது.

"என்னடி? பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா, லிஃப்ட ஓட்டறதுக்கு ஒரு ஆள் போட்டிருக்காங்க. மாசாமாசம் சம்பளம். போன மாசம் வரைக்கும் வாங்கியிருக்கான்."

சுண்ணக்கட்டி அக்கா கையில் உடைந்தது.

"இல்லாத லிஃப்ட ஓட்டறவனுக்குச் சம்பளம். இருக்கற கடைக்குப் பூட்டு. என்னைய வேடிக்கை பாத்தாங்களேடி, நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போனப்ப... அவனும் அந்தக் கூட்டத்துல நின்னிருப்பானோ?"

அந்தக் கேள்வி மைக்கம்மாவின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தெளிந்துவிட்டாள். தெளிந்தால் பயம் வருமல்லவா? "நீ ஒண்ணும் பண்ணிடாத. உன் வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான். கடை போனா போகுது. சனியன், ஜிப்புதானே." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடை போனால் போகட்டும் என்று அவள் வாயிலிருந்து வந்ததே, அதைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை. ஊரையே நாக்கால் உரித்துத் தொங்கவிடுகிறவள், இப்படித் தோற்றுப்போய்ச் சுவரைப் பார்க்கலாமா?

திங்கட்கிழமை வந்தது. மைக்கம்மா அந்தப் பயணப்பையைக் கையோடு கொண்டுபோனாள். கூண்டுக்குள் போய்க் கதவை உள்ளே தாழிட்டாள். அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போகிறவர்கள் நெருக்கியடிக்கிற நேரம். துறைமுகம் போகிற வண்டியைச் சொன்னாள். ஆலைக்குப் போகிற வண்டியைச் சொன்னாள். அப்புறம் பையின் உள்துணியை வெளியே இழுத்து மடியில் விரித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. அதே தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தரைத்தளத்தில் இருந்து மேம்பாலத்துக்குச் செல்ல வேண்டிய லிஃப்ட், திறப்பு விழா அன்று முதல் தாமதமாகிக்கொண்டிருக்கிறது. இந்த லிஃப்டுகளுக்காக உங்கள் பணத்தில் இருந்து தொண்ணூற்றாறு லட்சம் கொடுக்கப்பட்டுவிட்டது. லிஃப்ட் பொருத்தப்பட்டு, சோதனை ஓட்டம் வெற்றிகரமாக முடிந்ததாகக் கட்டுமானத் துறையின் தாளில் எழுதப்பட்டுள்ளது. லிஃப்டை இயக்குபவருக்கு மாதந்தோறும் சம்பளம் தவறாமல் வழங்கப்பட்டு வருகிறது. அவர் எங்கிருந்தாலும் உடனடியாக லிஃப்ட் கதவருகே வரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். அவருக்காகப் பயணிகள் காத்திருக்கிறார்கள்."

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பழகிய குரல்தானே, காற்று மாதிரி காதில் போய்க்கொண்டிருக்கும். ஒரு கிழவர் மட்டும் டீயை வாயருகே நிறுத்தினார். "என்னப்பா சொன்னா இவ?" அதற்குள் அவள் இரண்டாவது முறை சொன்னாள். இந்தத் தடவை கூடம் முழுக்கச் சிரிப்பு. மூன்றாவது முறை சொன்னபோது சிரிப்பு நின்றுபோயிற்று. தொண்ணூற்றாறு லட்சம் என்று ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொண்டார்கள். கைக்குழந்தையோடும் மூட்டையோடும் படியேறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர்கள் கண்ணுகளா அவர்கள்.

மேலாளர் ஓடி வந்து கூண்டுக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்.

"நிறுத்துங்க! பைத்தியமா உங்களுக்கு? வண்டி போக்குவரத்தைத் தவிர வேற எதையும் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு!"

மைக்கம்மா மைக்கை அணைக்காமலே பதில் சொன்னாள். ஊரே கேட்டது.

"லிஃப்டும் வண்டிதானே சார். ஆள ஏத்திக்கிட்டு மேல போகும், கீழ வரும். வண்டி தாமதமானா காரணத்தோட சொல்லணும்னும் விதி இருக்கு. நான் காரணத்தத்தான் சொல்றேன்."

"உங்களை யாரு அதைப் பாக்கச் சொன்னது?"

"சட்டம் சொல்லுச்சு சார். பாக்கலாம்னு சொன்னாங்க, பாத்தேன். எங்கக்காவ மூலையில வச்சுப் பாத்துக்கச் சொன்னீங்கல்ல? அந்த இயக்குறவன் எங்க இருக்கான்னு நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

மேலாளர் மைக்குக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்த ஓடினார். அதற்குள் கூட்டம் லிஃப்ட் வாசலுக்குப் போய்விட்டது. நூறு கை அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கும். அது பாட்டுக்குச் சிவப்பாக எரிந்தது. அப்போது டிப்போவில் இருந்து மெக்கானிக்குகள் வந்தார்கள், கையில் கடப்பாரையோடு. எண்ணெய் படிந்த சட்டையோடு முன்னால் வந்த தலைமை மெக்கானிக்கை எல்லாரும் ஸ்பேனர் அண்ணன் என்பார்கள். கதவின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். தகடு முனகிக்கொண்டு திறந்தது.

உள்ளே பூசாத செங்கல். மேலே வானம். கீழே தேங்கிய தண்ணீர், சாக்குத்துணி, பூனை ரோமம். பொத்தானுக்குப் பின்னால் ஒரு விளக்கும் இரண்டு ஒயரும், அவ்வளவுதான். அமுக்கினால் எரிவதற்கு மட்டும் மெனக்கெட்டிருக்கிறார்கள். திருட்டிலும் என்ன ஒரு அக்கறை பாருங்கள்!

அப்புறம் எழுந்த சத்தம் இருக்கிறதே, எதிர்ப்புறம் வீட்டுக்குள் படுத்திருந்த அக்காவின் காதில் விழுந்தது. கட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேலியின் அந்தப் பக்கத்தில் இருந்து ஸ்பேனர் அண்ணன் கையை உயர்த்திக் கத்தினார்.

"அக்கா! அங்கயே நில்லுங்க! உங்களுக்கு வழி விடறோம்!"

பேருந்து ஓட்டுநர்கள் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். மெக்கானிக்குகள் வேலியின் அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார்கள். உடைக்கவில்லை, வளைக்கவில்லை. முறையாகக் கழற்றி, இரண்டு துண்டு அகலத்துக்கு வேலியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். அக்கா கட்டைகளை ஊன்றி, பழையபடி நிதானமாகக் கடந்தாள். ஒரு ஹாரன் சத்தம் இல்லை. நேராகத் தன் கடைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தாள்.

மத்தியானத்துக்குள் கட்டுமானத் துறையின் பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். கழற்றி வைத்த வேலியைப் பார்த்ததும் அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"இது பொதுச்சொத்து! கை வச்சவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் நஷ்டத்தை வசூல் பண்ணாம விடமாட்டேன்!"

ஸ்பேனர் அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"குடுத்துடறோம் சார். நியாயம்தானே. இந்த ரெண்டு துண்டு வேலிக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க. இதே இடத்துல எல்லாரும் போட்டுக் குடுத்துடறோம்."

அதிகாரி வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். மூடினார்.

"சொல்லுங்க சார், எவ்வளவு?" என்றார் போர்ட்டர் ஒருவர்.

"அது... கணக்குப் பாத்துத்தான்..."

"லிஃப்டுக்குப் பாத்த அதே கணக்கா?" கடைக்குள் இருந்து அக்காவின் குரல். "அப்ப இந்த வேலி தங்கமா இருக்கும். நல்லா தேச்சுப் பாருங்கப்பா!"

வேலியின் விலையைச் சொன்னால் அதுவும் ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வசூலிக்க முடியாது. அவருடைய முகம் சிவந்தது, கறுத்தது, காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. புகாரும் வரவில்லை, வழக்கும் வரவில்லை. அந்த இடைவெளி இன்றைக்கும் திறந்தே கிடக்கிறது.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் உங்களிடம் எப்படிப் பொய் சொல்வேன்? மைக்கம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கூண்டுக்குள் இப்போது ஓர் இயந்திரம் பேசுகிறது. தொண்ணூற்றாறு லட்சம் தின்றவர்களில் ஒருவன்கூட இன்னும் உள்ளே போகவில்லை. பார்வை அறைக் கதவில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'பார்த்ததை வெளியில் சொல்லக் கூடாது.' வெட்கம் கெட்டவர்கள், அதை எழுதி மாட்டக்கூட இரண்டு ஆளுக்குக் கூலி போட்டிருப்பார்கள்.

மன்னிப்புக் கேட்டால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று மேலாளர் ஆள் அனுப்பினார். "கேக்கறேன்னு சொல்லுங்க. மொதல்ல அந்த லிஃப்ட் இயக்குறவர் வந்து என்கிட்ட கேக்கட்டும். வரிசைப்படிதானே எல்லாம்" என்று சொல்லி அனுப்பினாள் அவள். வீட்டில் கொஞ்ச நாள் அடுப்பு தடுமாறியது. ஜிப் தைக்கிற கூலியில் இருவர் சாப்பிட்டார்கள். அக்காவுக்கு அதில் வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! "சாப்பிடு சாப்பிடு, இது அக்கா சம்பாத்தியம்" என்று சொல்லிச் சொல்லியே போடுவாள்.

மைக்கம்மா வேலை நின்ற மறுவாரமே பார்வை அறைக்குப் போனாள், இந்தத் தடவை நிலையத்துக்கு முன்னால் போகிற சாலையின் கணக்குத்தாள் கட்டைக் கேட்டு. தனியாகப் போகவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் ஸ்பேனர் அண்ணன், டீக்கடைக்காரர், இரண்டு போர்ட்டர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். குண்டு அதிகாரி எட்டிப் பார்த்தார். வரிசை மூன்றாவது மாடியில் இருந்து கீழே தெரு வரைக்கும் நீண்டிருந்தது. எல்லாருக்கும் தாகம் எடுத்திருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டு விளக்கு காற்றுக்கு அசையாமல் எரியட்டும். உலை வைத்தால் அரிசி குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் நடக்க முடியாதவர் யாராவது இருந்தால், அவர் நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் தலை நிமிர்ந்து போய் வரட்டும். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒருநாளும் தொண்டை கட்டாமல் இருக்கட்டும்.